எழுத்தாலான திருகோணமலை: மட் விளையாட்டை ஒப்ஜெக்டுகளாக எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மாலை நேரங்களில் கூடும் எங்கள் நிரலாக்கக் குழு, நகரத்தையே களமாக வைத்து ஒரு மட் விளையாட்டைப் பைத்தன் மொழியில் எழுதி வருகிறது. கோட்டை வாசல், சுவாமி மலை, மணிக்கூட்டுக் கோபுரம், மூதூர்ப் படகு, கன்னியாக் கிணறுகள் எல்லாம் அதில் உண்டு. சேரும் பிள்ளைகள் உயர்தரத்தில் ஐ.சி.டி. படித்தவர்கள், லூப்பும் பங்ஷனும் அவர்களுக்குப் பழக்கம். ஒப்ஜெக்ட் என்று வந்தவுடன்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள் வருவதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதிலும் எழுதிவைக்கிறேன். மேலிருந்து கீழே வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

“அக்கா, மட் எண்டா என்ன? படமே இல்லாத விளையாட்டை ஆர் விளையாடுறது?”

பலர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடிய, முழுக்க எழுத்தாலான ஓர் உலகம். ‘கிழக்கே போ’ என்று தட்டினால் அடுத்த இடத்தின் வர்ணனை திரையில் வரும். அங்கே ஏற்கெனவே நிற்பவருக்கு நீங்கள் வந்த செய்தி போகும். அவருடன் கதைக்கலாம், சாமான் கொடுக்கலாம், சண்டையும் பிடிக்கலாம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ தொடங்கி, பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த விளையாட்டின் பெயர்தான் மட். அதன் வழியில் வந்தவை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இன்றும் விளையாடுகிறார்கள். திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவர்கள் மற்றவர்களுக்குச் சமமாக நின்று விளையாடக்கூடிய விளையாட்டு இது. நிரலாக்கம் பழகுபவருக்கு இன்னொரு லாபம்: படம் வரைய ஆள் தேட வேண்டாம், உலகத்தின் விதிகளை எழுதுவதிலேயே முழுக் கவனத்தையும் வைக்கலாம்.

“கிளாஸ் எது, ஒப்ஜெக்ட் எது? எனக்கு இன்னும் குழம்புது.”

கன்னியாவுக்குப் போயிருப்பீர்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வெந்நீரின் சூடு வேறு. விளையாட்டில் `கிணறு` என்று ஒரே ஒரு கிளாஸ் இருக்கும். கிணறு என்றால் பெயர் இருக்கும், சூடு இருக்கும், தண்ணீர் அள்ளலாம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கிளாஸிலிருந்து ஏழு ஒப்ஜெக்ட் உண்டாக்குகிறோம். `கிணறு5.சூடு` வேறு, `கிணறு6.சூடு` வேறு. ஆனால் `அள்ளு` என்ற மெதட் (கிளாஸுக்குள் எழுதும் பங்ஷன்) ஏழுக்கும் பொது. அள்ளுவதில் பிழை இருந்தால் ஒரே இடத்தில் திருத்துகிறோம், ஏழு கிணறும் சரியாகிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் ஆட்கள் தொட்டுப் பார்ப்பதெல்லாம் ஒப்ஜெக்ட். எடிட்டரில் நீங்கள் எழுதிவைப்பது கிளாஸ்.

“கிளாஸ் இல்லாமலே எழுத ஏலாதா? என்னத்துக்கு இந்த வில்லங்கம்?”

ஏலும். 1990-91 காலத்தில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிக்குமட் சாதாரண சி மொழியில் எழுதப்பட்டது. சியில் கிளாஸ் கிடையாது. அதிலிருந்து கிளைத்த மட்டுகள் எத்தனையோ. ஆகவே கிளாஸ் இல்லாவிட்டால் விளையாட்டு ஓடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ‘பார்’ என்ற ஒரே பங்ஷனுக்குள். பார்ப்பது கதவானால் திறந்திருக்கிறதா என்று சொல், கிணறானால் சூட்டைச் சொல், மானானால் என்ன செய்கிறது என்று சொல், படகானால் உள்ளே யார் யார் என்று சொல். இப்படி ‘இஃப்’ மேல் ‘இஃப்’ ஏறிக்கொண்டே போகும். புதிதாக ஒரு விளக்கைச் சேர்க்க வருபவர் பார், எடு, கொடு, போடு என்று எல்லாப் பங்ஷனையும் திறந்து ஒவ்வொன்றிலும் கை வைக்க வேண்டும். ஒப்ஜெக்டாக எழுதினால் ‘பார்’ கட்டளை செய்வது ஒன்றே ஒன்று: `வஸ்து.வர்ணி(ஆள்)` என்று கேட்பது. கதவு கதவாகப் பதில் சொல்லும், கிணறு கிணறாகச் சொல்லும். விளக்குச் செய்பவர் விளக்கின் கோப்பை மட்டும் எழுதினால் போதும். பல பேர் சேர்ந்து கட்டும் உலகத்தில் இதுதான் பெரிய ஆதாயம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் உடைக்காமல் வேலை செய்யலாம்.

ஒப்ஜெக்ட் என்ற சிந்தனையை முதலில் மொழியாக்கிய சிமுலா 67, நோர்வேயில் ஒல-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் உருவாக்கியது. உண்மையான உலகத்தில் நடப்பவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். மட் அந்த வேலைக்கு மிகக் கிட்டிய உறவு.

“முதல்ல எந்தெந்த கிளாஸ் எழுதவேணும்?”

ஐந்து போதும். எல்லாவற்றுக்கும் தாயாக `வஸ்து`. அதற்குப் பெயர், வர்ணனை, தான் எங்கே இருக்கிறேன், எனக்குள் என்னென்ன இருக்கின்றன என்ற நான்கும் தெரியும். அதன் பிள்ளைகள் `அறை`, `வாசல்`, `ஆள்`, `சாமான்`. மட் உலகில் கடற்கரையும் அறைதான், சுவாமி மலை உச்சியும் அறைதான். நிற்கக்கூடிய இடமெல்லாம் அறை.

இவற்றுக்குள் மிக முக்கியமானது `நகர்த்து` என்ற மெதட். ஒரு வஸ்து இடம் மாறுவது அந்த ஒரு மெதட் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். பழைய இடத்தின் பட்டியலிலிருந்து எடுப்பது, புதிய இடத்தின் பட்டியலில் சேர்ப்பது, `எங்கே` என்பதை மாற்றுவது மூன்றும் சேர்ந்து நடக்காவிட்டால், ஒரே சாமான் இரண்டு இடத்தில் கிடக்கும் அல்லது எங்குமே இருக்காது. பையைப் பைக்குள்ளேயே வைக்கப் பார்ப்பவரையும் இங்கேதான் மறிக்க வேண்டும். போகிற இடத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறிப் பாருங்கள். வழியில் அதே பை தென்பட்டால் மறுத்துவிடுங்கள்.

வாசலை ஏன் தனி ஒப்ஜெக்டாக வைக்க வேண்டும் என்று உடனே கேட்பார்கள். அறைக்குள் ‘தெற்கு’ என்று ஒரு சொல்லும் அடுத்த அறையின் பெயரும் இருந்தால் போதாதா? கிண்ணியாவை நினைத்துப் பாருங்கள். 2009-இல் பாலம் திறக்கும்வரை அங்கே போகப் படகுப்பாதை, அதாவது அக்கரை சேர்க்கும் மிதவைதான். பாலத்துக்கு முந்திய காலத்து விளையாட்டில் அந்த வாசல், ‘பாதை இந்தக் கரையில் நிற்கிறதா?’ என்று பார்த்துத்தான் ஆளை விட வேண்டும். பாலம் வந்த பிறகு அது சாதாரண வாசல். வாசல் தனி ஒப்ஜெக்டாக இருந்தால் அதை மட்டும் மாற்றிப் போடலாம். இரண்டு கரையிலும் உள்ள அறைகளின் கோடில் (நிரலில்) ஒரு வரியும் மாறாது. பூட்டு, சாவி, காவலாளி எல்லாம் இதே வழிதான்.

“கோட்டையில போட்ட குடை கன்னியாவிலயும் கிடக்குது. என்ன நடந்தது?”

உள்ளே இருப்பவற்றின் பட்டியலை கிளாஸின் கீழே நேரடியாக `உள்ளே = []` என்று எழுதியிருப்பீர்கள். பைத்தன் அந்தப் பட்டியலைக் கிளாஸுக்கு ஒரு முறைதான் உண்டாக்கும். எல்லா அறையும் அந்த ஒரே பட்டியலைத்தான் பார்க்கின்றன. ஓரிடத்தில் போட்டது ஊர் முழுக்கக் கிடக்கும். ஒவ்வொரு ஒப்ஜெக்டும் பிறக்கும்போது ஓடும் இனிட் மெதட்டுக்குள், செல்ஃபோடு (அந்த ஒப்ஜெக்டையே குறிக்கும் பெயர்) சேர்த்து எழுதுங்கள். அப்போது ஒவ்வொரு அறைக்கும் தனிப் பட்டியல் கிடைக்கும்.

‘சூடு என்ற எண்ணையும் அப்படித்தானே கிளாஸில் எழுதினேன், அது மட்டும் ஏன் குழம்பவில்லை?’ என்று சிலர் கூர்ந்து கேட்பார்கள். நல்ல கேள்வி. எண்ணுக்குப் புது மதிப்புக் கொடுக்கும்போது அந்த ஒப்ஜெக்டுக்கென்று தனியாக ஒன்று உண்டாகி, கிளாஸில் உள்ளதை மறைத்துவிடுகிறது. பட்டியலில் நீங்கள் புது மதிப்புக் கொடுப்பதில்லை. இருக்கிற பட்டியலுக்குள்ளேயே சேர்க்கிறீர்கள்.

“படகில ஆறு பேர் ஏறினவை, மூதூரில மூண்டு பேர்தான் இறங்கினவை. மிச்சப் பேர் எங்க?”

இன்னும் படகில்தான். பட்டியலில் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பட்டியலிலிருந்து ஆட்களை எடுக்கிறீர்கள். முதலாமவர் இறங்கியதும் இரண்டாமவர் முதலாம் இடத்துக்கு நகர்கிறார். லூப்போ இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. இப்படி ஒன்றுவிட்டு ஒருவர் தப்பிப் போகிறார். பட்டியலின் நகலொன்றை எடுத்து அதன்மேல் லூப் ஓட்டுங்கள். இந்தப் பிழை படகில் மட்டும் வருவதில்லை. ஆள் செத்துச் சாமான்கள் கீழே விழும்போதும், பையைக் கவிழ்க்கும்போதும் வரும்.

“மானுக்கு ஒரு கிளாஸ், பெண்மானுக்கு ஒண்டு, குட்டிக்கு ஒண்டு… எவ்வளவு தூரம் போறது?”

போகவே வேண்டாம். கோட்டைக்குள் திரியும் மான்கள் எல்லாவற்றுக்கும் ஒரு கிளாஸ் போதும். பெயர், வயது, வர்ணனை, பயந்த குணமா கிட்ட வருமா என்பதெல்லாம் தரவு. அவற்றை ஒப்ஜெக்டுக்குள் மதிப்பாக வையுங்கள். புதிய பெயர் வந்தால் புதிய கிளாஸ் வேண்டாம். புதிய நடத்தை வந்தால் மட்டுமே யோசியுங்கள்.

பாடப்புத்தக உதாரணங்களால் வரும் பழக்கம் இது. விலங்கு, அதன் கீழ் பாலூட்டி, அதன் கீழ் மான் என்று மரம் வரைந்து பழக்குகிறார்கள். விளையாட்டுக்குள் ‘பாலூட்டி’ என்ற கிளாஸ் செய்யும் வேலை ஒன்றுமே இல்லை. ஒரு நடுக் கிளாஸை அழித்தால் எந்த நடத்தை தொலையும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் அது தேவையில்லை. எங்கள் விளையாட்டில் வஸ்துவிலிருந்து மூன்று படிக்குக் கீழே எதுவும் போவதில்லை. அதற்குமேல் போகும் கோடை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

“மூதூர்ப் படகு அறையா, சாமானா?”

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இதில் தடக்கி எழுந்தவருக்கு ஒப்ஜெக்ட் விளங்கிவிட்டது என்று அர்த்தம். இறங்குதுறையில் நிற்பவருக்குப் படகு, கண்முன்னே தெரியும் ஒரு சாமான், பார்க்கலாம், ஏறலாம். ஏறியவருக்கு அதுவே அறை. உள்ளே நின்று கதைக்கலாம், மற்றவர்களைப் பார்க்கலாம். அது தானே இடமும் மாறுகிறது. அப்படியானால் `அறை`, `சாமான்` இரண்டின் பிள்ளையாக `படகு` கிளாஸை எழுதலாமா? பைத்தன் விடும். ஆனால் இரண்டு தாயும் `வர்ணி` என்ற மெதட்டை வைத்திருக்கிறார்கள். எது ஓடும் என்பதைத் தாய்களை நீங்கள் எழுதிய வரிசையே முடிவு செய்யும். நாளைக்கு யாராவது அந்த வரிசையை மாற்றினால், கரையில் நிற்பவருக்குப் படகின் உள்பக்க வர்ணனை வரும்.

இரண்டாகப் பிரியுங்கள். துறையில் நிற்கும் `படகு` ஒரு சாமான். அதற்கு `உட்புறம்` என்று ஒன்று உண்டு. அது ஓர் அறை. படகில் ஏறுபவர் அந்த அறைக்குள் நகர்கிறார். படகு மூதூருக்குப் போகும்போது நகர்வது சாமான் மட்டும்தான். உட்புறம் எங்கும் அசைய வேண்டியதில்லை. அதற்குள் நிற்கும் ஆட்களின் `எங்கே` மாறுவதும் இல்லை. உட்புறத்திலிருந்து வெளியே போகும் வாசல், ‘என் படகு இப்போது எந்தத் துறையில் நிற்கிறது?’ என்று படகைக் கேட்டு, அங்கே இறக்கிவிடும். நடுக்கடலில் கேட்டால், இறங்க முடியாது என்று சொல்லும். நாம் எழுத வேண்டிய புதிய நடத்தை அந்த வாசலில் இருக்கும் சில வரிகள் மட்டும்தான். முன்பு சொன்ன கிண்ணியாப் பாதையும் இதே கோடில் ஓடும்.

ஒன்று இன்னொன்றாக ‘இருக்கிறது’ என்று எழுதுவதற்கு முன், ஒன்று இன்னொன்றை ‘வைத்திருக்கிறது’ என்று எழுத முடியுமா என்று பாருங்கள். எரியக்கூடியது, பூட்டக்கூடியது, விற்கக்கூடியது போன்ற குணங்களும் அப்படித்தான். பெட்டியும் கதவும் இரண்டுமே பூட்டப்படும். ஆனால் இரண்டுக்கும் பொதுத் தாய் தேட வேண்டாம். `பூட்டு` என்ற சிறு ஒப்ஜெக்டை எழுதி இரண்டிடமும் ஒவ்வொன்று கொடுத்துவிடுங்கள்.

“‘மாங்காயைச் சாப்பிடு’ எண்டா, சாப்பிடு எண்ட மெதட் ஆருக்குள்ள இருக்கவேணும்? ஆளுக்குள்ளயா, மாங்காய்க்குள்ளயா?”

மூன்று இடத்தில், மூன்று வேலையாக. ‘சாப்பிடு’ என்பதே ஒரு கட்டளை ஒப்ஜெக்ட். தட்டிய சொற்களிலிருந்து எந்த மாங்காய் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. பிறகு அது மாங்காயிடம் `சாப்பிடலாமா(ஆள்)` என்று கேட்கிறது. மாங்காய் ஆம் என்கிறது, கல் இல்லை என்கிறது. கடைசியில் மாங்காய், ஆளிடம் `பசியாறு(5)` என்று சொல்லிவிட்டுத் தன்னை நீக்கிக்கொள்கிறது. ஆளின் பசியை மாங்காய் நேரடியாகத் தொட்டு மாற்றக்கூடாது. எவருடைய நிலை மாறுகிறதோ அவரே அதை மாற்ற வேண்டும். வயிற்றுவலி உள்ள ஆளுக்குப் பசி ஆறாது என்ற விதியை நாளைக்குச் சேர்க்கும்போது, அது ஆளின் மெதட்டில் ஒரே இடத்தில் போய் உட்காரும்.

இதற்கு வேறு வழியும் உண்டு. செரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் பவெல் கேர்ட்டிஸ் நடத்திய லாம்ப்டாமூ என்ற மட்டில், கட்டளைகள் ஒப்ஜெக்டுகளின்மேலேயே எழுதப்படும். ஒன்றைத் தட்டியவுடன் சேர்வர் முதலில் தட்டிய ஆளிடம் தேடும், பிறகு அவர் நிற்கும் அறையில், பிறகு செயப்படுபொருளில், கடைசியில் வாக்கியத்தில் வரும் மற்றப் பொருளில். ஒரு கிணறு தனக்கென்று ‘எட்டிப்பார்’ என்ற கட்டளையைத் தானே கொண்டுவரலாம் என்பது இதன் அழகு. எங்கள் விளையாட்டில் பொதுக் கட்டளைகள் தனியாகவும், இப்படி விசேஷமானவை அந்தந்த ஒப்ஜெக்டிலும் இருக்கின்றன.

“தமிழில தட்டினா சேர்வருக்கு விளங்கச் செய்ய ஏலுமா?”

ஏலும், செய்யவும் வேண்டும். ஆங்கில மட்டுகளில் முதற்சொல்தான் வினை. நமக்கு வினை கடைசியில் வரும்: ‘பெட்டியிலிருந்து சாவியை எடு’. ஆகவே வாக்கியத்தைப் பின்னாலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். வேற்றுமை உருபு எது எதை என்று காட்டிக்கொடுத்துவிடும், சொல்வரிசை மாறினாலும் பரவாயில்லை. இது ஆங்கிலத்தைவிட வசதி.

கஷ்டம் உருபைப் பிரிப்பதில். ‘கிணற்றை’ என்பதிலிருந்து ஐ-யை வெட்டினால் ‘கிணறு’ கிடைக்காது. ‘மரத்தில்’, ‘வீட்டுக்கு’ எல்லாம் இதே கதை. வெட்டப் போகாதீர்கள். எதிர்ப்பக்கமாக வாருங்கள்: ஆளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒவ்வொரு வஸ்துவும் தன் உருபேற்ற வடிவங்களைத் தானே உண்டாக்கித் தரட்டும், தட்டிய சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் அறையில் எத்தனை வஸ்து இருந்துவிடப் போகிறது? `வஸ்து` கிளாஸில் பொது விதிகளை எழுதுங்கள். பெட்டி பெட்டியை ஆகும், மரம் மரத்தை ஆகும், கதவு கதவை ஆகும். விதிக்கு அடங்காத பெயருள்ள வஸ்து அந்த மெதட்டைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும். ‘கதவைத் திற’ என்று ஒற்றோடு தட்டுவார்கள், ‘கதவை திற’ என்றும் தட்டுவார்கள். சொல்லின் கடைசியில் வரும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. ‘கோட்டை’ என்பதில் உள்ள கோ, யூனிகோட் எழுத்துக் குறியீட்டில் இரண்டு விதமாக வரலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாகத் தருவது ஒன்று; ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தருவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான், பைத்தனுக்கு இரண்டும் வேறு. உள்ளே வரும் வரி ஒவ்வொன்றையும் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நோர்மலைஸ் பங்ஷனால் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். பதில் அனுப்பும்போதும் கவனம் வேண்டும். எடுத்தவருக்கு ‘நீங்கள் சாவியை எடுக்கிறீர்கள்’ என்றும், பார்த்து நிற்பவருக்கு ‘மலர் சாவியை எடுக்கிறார்’ என்றும், மான் எடுத்தால் ‘எடுக்கிறது’ என்றும் போக வேண்டும். ஆகவே அறை ஒரு வசனத்தை எல்லோருக்கும் பரப்புவதில்லை. நடந்தது என்ன என்ற செய்தியை ஒவ்வொரு ஆளிடமும் கொடுக்கிறது. அதை வசனமாக்குவது கேட்கும் ஆளின் மெதட்.

“ரெண்டு பேர் ஒரே நேரத்தில ஒரே சாவியை எடுத்தா?”

ஆளுக்கொரு த்ரெட் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் வேலை) போட்டு எழுதினால் உண்மையிலேயே சிக்கல்தான். இருவரும் ‘சாவி இருக்கிறதா?’ என்று பார்த்து, இருவருக்கும் ஆம் என்று வந்து, இருவரும் எடுத்துவிடுவார்கள். பைத்தனின் அசிங்க்கையோ நூலகம் கொண்டு ஒரே த்ரெட்டில் எழுதுங்கள். அதில் ஒரு கட்டளை நடுவே `அவேய்ட்` (மற்றவருக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் சொல்) வராதவரை முழுதாக ஓடி முடியும். இரண்டாமவரின் முறை வரும்போது சாவி அங்கே இராது. பார்ப்பதற்கும் நகர்த்துவதற்கும் இடையில் அவேய்ட் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அதற்கு விலையும் உண்டு. யாராவது ஒருவர் மெதட்டுக்குள் டைம்.ஸ்லீப் (இத்தனை வினாடி சும்மா நில் என்பது) எழுதினால் ஊரே உறைந்துவிடும். படகு சில நிமிடங்களுக்கு ஒரு முறை புறப்பட வேண்டுமானால், இத்தனை வினாடி கழித்து என்னைக் கூப்பிடு என்று அசிங்க்கையோவின் லூப்பிடம் பதிவு செய்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

“கரண்ட் போய் வைஃபை அறுந்தா என்ட ஆள் எங்க நிக்கும்?”

நின்ற இடத்திலேயே நிற்கும், நீங்கள் இணைப்பையும் ஆளையும் இரண்டு ஒப்ஜெக்டாகப் பிரித்திருந்தால். `செஷன்` என்பது சொக்கெட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனையை, வைத்திருக்கும் ஒப்ஜெக்ட். `ஆள்` என்பது உலகத்தில் நிற்பவர். ஒன்று மற்றதைச் சுட்டும், அவ்வளவுதான். இணைப்பு அறுந்தால் செஷன் சாகும், ஆள் ‘வெறித்துப் பார்த்தபடி நிற்கிறார்’ என்று மற்றவர்களுக்குத் தெரிவார். திரும்ப வந்தால் புதிய செஷன் அதே ஆளோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் போனிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன செய்வது என்ற முடிவையும் இந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும்.

பைட் சம்பந்தப்பட்ட எல்லாமே செஷனின் பொறுப்பு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும், எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். நெட்வொர்க் அதன் நடுவில் வெட்டி இரண்டு துண்டாகவும் தரலாம். வந்த துண்டை உடனே எழுத்தாக்கப் போனால் பிழை வரும். வரி முடியும்வரை பைட்டாகவே சேர்த்துவையுங்கள். மட்டுகள் இணையப் பாவிக்கும் டெல்நெட் நெறிமுறை 255 என்ற பைட்டைத் தன் சைகைக்கு வைத்திருக்கிறது. அந்த பைட் யூடிஎஃப்-8-இல் எங்கும் வராது என்பதால் தமிழும் டெல்நெட்டும் மோதிக்கொள்வதில்லை. சோதித்துப் பார்க்க மட்லெட் போன்ற யூடிஎஃப்-8 தெரிந்த கிளையண்ட் (விளையாடுபவர் பக்கத்து மென்பொருள்) ஒன்றைப் பாவியுங்கள்.

“சேர்வரை நிப்பாட்டினா எல்லாம் அழிஞ்சு போகுது. பிக்கிள் பண்ணி வச்சாச் சரிதானே?”

வேண்டாம். பிக்கிள் என்பது ஒப்ஜெக்டை, அது சுட்டுவதெல்லாவற்றோடும், கோப்பில் எழுதிவைக்கும் பைத்தன் வசதி. ஆள் அறையைச் சுட்டுகிறார், அறை உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் சுட்டுகிறது, வாசல்கள் அடுத்த அறைகளைச் சுட்டுகின்றன. ஓர் ஆளைப் பிக்கிள் செய்யப் போனால் முழுத் திருகோணமலையும் பின்னாலேயே கோப்புக்குள் வந்துவிடும். கிளாஸின் பெயரை மாற்றினாலோ வேறு கோப்புக்கு நகர்த்தினாலோ பழைய பிக்கிள் திறக்காது.

ஒவ்வொரு வஸ்துவுக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். சேமிக்கும்போது சுட்டும் இடங்களிலெல்லாம் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். ஜேசன் கோப்போ எஸ்கியூலைட் டேட்டாபேஸோ எதுவானாலும் சரி. திரும்ப ஏற்றும்போது இரண்டு சுற்று: முதல் சுற்றில் எல்லா ஒப்ஜெக்டையும் வெறுமனே உண்டாக்குங்கள், இரண்டாம் சுற்றில் எண்களை ஒப்ஜெக்டுகளாக மாற்றி இணையுங்கள். ஒரே சுற்றில் செய்யப் பார்த்தால், இன்னும் பிறக்காத அறையை நோக்கிய வாசலில் வந்து நின்றுவிடுவீர்கள்.

“இதெல்லாத்தையும் நாங்களே எழுதாம எவெனியாவை எடுத்தா என்ன?”

விளையாட்டை வெளியே விடுவதுதான் நோக்கமென்றால் எடுங்கள், தயங்க வேண்டாம். பைத்தனில் எழுதப்பட்ட திறந்த மூல மட் அமைப்பு அது; ட்விஸ்டட், ஜாங்கோ என்ற இரண்டு பைத்தன் அமைப்புகளின்மேலும் நிற்கிறது. அறை, வாசல், ஆள் என்ற கிளாஸ்கள் உள்ளேயே வரும், வாசல் அங்கேயும் தனி ஒப்ஜெக்ட்தான். செஷனையும் ஆளையும் பிரிப்பதோடு நிற்காமல், கணக்கு என்று மூன்றாவதையும் பிரித்திருக்கிறார்கள். சேமிப்பை டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும்.

பழகுவதற்கென்றால் முதலில் ஐந்து கிளாஸோடு சொந்தமாக ஒரு சிறிய மட் எழுதுங்கள். படகுக் கேள்வியில் தடக்கி எழும்பிய பிறகு எவெனியாவைத் திறந்தால், அவர்கள் ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று ஒவ்வொரு கிளாஸாக விளங்கும். நேரே அதில் போய் விழுந்தவர்கள் கோடை நகலெடுத்து ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

“சேர்வர் ஓடேக்க மானின்ட கோடை மாத்தி ரீலோட் பண்ணினன். பழைய மான்கள் மாறவே இல்லை. ஏன்?”

பைத்தன் ரீலோட் செய்யும்போது, அதாவது மாறிய கோப்பைத் திரும்ப ஏற்றும்போது, `மான்` என்ற பெயரில் புத்தம்புதிய கிளாஸ் ஒன்று உண்டாகிறது. ஏற்கெனவே கோட்டைக்குள் திரியும் மான்கள் பழைய கிளாஸையே பிடித்துக்கொண்டிருக்கும். இனிப் பிறக்கும் மான்கள்தான் புதிய மாதிரி நடக்கும். 1989-இல் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்.பி.மட்டிலும் இதே நிலைமை: மூல ஒப்ஜெக்டைப் புதுப்பித்தாலும் முன்பு அதிலிருந்து எடுத்த பிரதிகள் பழைய கோடிலேயே ஓடும். மேலே சொன்ன லாம்ப்டாமூவில் அப்படியில்லை. அங்கே கிளாஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு மானின் தாயும் உலகத்தில் இருக்கும் இன்னொரு ஒப்ஜெக்ட்தான். தாயில் ஒரு கட்டளையைத் திருத்தினால் பிள்ளைகள் எல்லாம் அடுத்த கணமே மாறிவிடும்.

நமக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்று, ரீலோட் ஆனதும் பழைய மான்களைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றின் கிளாஸையும் புதியதாக மாற்றிவிடுவது. பைத்தன் அதற்கு இடம் கொடுக்கும், ஆனால் புதிய கிளாஸின் இனிட்டில் நீங்கள் சேர்த்த மதிப்புகள் பழைய மான்களிடம் இராது, அவற்றையும் கையால் நிரப்ப வேண்டும். மற்றது, உலகத்தைச் சேமித்து, சேர்வரை நிறுத்தி, திரும்ப எழுப்புவது. எவெனியா இணைப்புகளைத் தாங்கும் பகுதியைத் தனிப் ப்ரொசெஸாக வைத்திருப்பதால், விளையாட்டுப் பகுதி நின்று எழும்பினாலும் ஆட்களின் இணைப்பு அறுவதில்லை. நீங்களே எழுதுவதானால் இரண்டாவது வழியையே எடுங்கள். சேமிப்பு சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு மாற்றத்தோடும் சோதித்த மாதிரியும் ஆகும்.